தட்டாத கேற்

வினாயகமூர்த்தி யோகராசாவைக் கண்டு ஒளிக்கத் தொடங்கி ஐந்து வருடமாகிவிட்டது. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்து, பெரிய பெரிய துரைமாருக்கெல்லாம் முகம் கொடுத்த மனுசன், ஆற்றில் மீன் பிடிக்கிற ஒருவனுக்கு ஒளிப்பதென்றால் சிரிப்புத்தான். ஆனாலும் ஒளித்தார். பாலத்தடியில் யோகராசாவின் சைக்கிள் தெரிந்தால், எந்த பஸ் வருகிறது என்றுகூடப் பார்க்காமல் கைகாட்டி ஏறிவிடுவார். ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர் கல்முனை பஸ்ஸில் ஏறி, காத்தான்குடியில் இறங்கி, வெயிலில் காய்ந்து திரும்பிவந்தார். மட்டக்களப்பில் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்று மீன் தனக்கு ஒத்துவரவில்லை என்று பெண்சாதி புஸ்பத்திடம் சொல்லி, அதையும் நிற்பாட்டிவிட்டார். மீன் கொண்டுவருகிறவன் யோகராசா என்பதுதான் காரணம், வயிறு அல்ல.

கல்லடியில் கடற்கரைக்கு இறங்குகிற அந்த ஒழுங்கையில் மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றுதான். சுற்றிவர ஆளுயர மதில். முன்னுக்கு இரும்புத் தகடு அடித்த கேற். அதில் தொங்குகிற ஆமைப்பூட்டு தேங்காய் அளவு என்று ஒழுங்கையில் பகிடி பண்ணுவார்கள்.

பகிடிக்குப் பின்னால் இருந்த கதையும் எல்லாருக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஒரு மத்தியானம் இரண்டு பொடியன்கள் ஓடிவந்து தட்ட, அவர் திறந்துவிட்டார். பொடியன்கள் பின்மதிலால் பாய்ந்து போய்விட்டார்கள். துரத்திவந்த சீருடைக்காரர்கள் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், சோறு தின்றுகொண்டிருந்த புஸ்பத்தின் தம்பியைக் கொண்டுபோனார்கள். கை கழுவக்கூட விடவில்லை. அவன் திரும்பி வரவேயில்லை. அன்றைக்குப் பிறகு ஒழுங்கையில் ஆள் ஓடுகிற சத்தம் கேட்டால் வினாயகமூர்த்தி முதலில் கேற்றைப் பூட்டுவார், பிறகுதான் என்ன ஏது என்று யோசிப்பார். யார் தட்டினாலும் திறக்கமாட்டார். துப்பாக்கிச் சூடு பட்டு வந்த ஒருவனைக்கூட அப்படியே விட்டார். அவனை முன்வீட்டுத் தையல்காரி வதனிதான் தன் தையல் மெசினுக்குக் கீழே கிடத்திக் காப்பாற்றினாள்.

பிறகு இரண்டாயிரத்து நாலு வந்தது. அந்த வருடம் இயக்கம் இரண்டாக உடைந்து, சித்திரையிலிருந்து டவுனில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே விளங்காத காலம். டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். அவர் மேலே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்பக்கமிருந்து சனம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. காது கொடுத்துக் கேட்டிருந்தால் ‘கடல் வருது’ என்று கத்துவது விளங்கியிருக்கும். அவருக்குக் கேட்டது காலடிச் சத்தம் மட்டுந்தான். விழுந்தடித்துக்கொண்டு படியால் இறங்கி, பூட்டைப் போட்டு, திறப்பை மடியில் செருகிக்கொண்டு மேலே வந்து, யன்னலைச் சாத்தி, "சத்தம் போடாத" என்று புஸ்பத்தை அதட்டினார்.

யன்னல் இடுக்கால் பார்த்தார். யோகராசாவின் பெண்சாதி தனுஷியா ஓடிவந்தாள். இடுப்பில் நாலு வயது மகள். காலில் செருப்பில்லை. பக்கத்தில் வதனி. கேற்றடியில் இரண்டு பேரும் ஒரு கணம் தடுமாறி நின்றார்கள். பிறகு பாலத்துப் பக்கம் ஓடினார்கள். தட்டவில்லை.

அவர்களுக்குப் பின்னால் வந்தது சீருடை இல்லை, தண்ணீர். கறுத்த தண்ணீர், மதில் உயரத்துக்கு, தோணியையும் கூரையையும் உருட்டிக்கொண்டு வந்தது. இரும்புக் கேற்றை அது ஒரு கேள்வி கேட்கவில்லை, பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து மாடிப்படியில் பாதிவரை ஏறி நின்றது. மேலே இரண்டு அறை, ஒரு விறாந்தை. நெருக்கி நின்றால் நாற்பது பேர் நிற்கலாம். நின்றது புருசனும் பெண்சாதியும் மட்டும், காலில் ஈரம் படாமல்.

வதனி ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினாள். தனுஷியாவையும் மகளையும் மறுநாள் ஆற்றங்கரைக் கண்ணாப் புதருக்குள் பிணமாக எடுத்தார்கள். யோகராசா அந்த நேரம் பாலத்துக்கு அங்கால் ஆற்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தபடியால் பிழைத்தான்.

கீழ்வீடு முழுக்கச் சேறு. வினாயகமூர்த்தியையும் புஸ்பத்தையும் காத்தான்குடிப் புடவைக்கடை முகைதீன்பாவா வந்து கூட்டிப்போனார். கச்சேரிப் பழக்கம். அங்கேயும் கடற்கரைப் பக்கம் சனம் செத்துத்தான் கிடந்தது. முகைதீன்பாவாவின் சொந்தத்திலேயே மூன்று மையத்து. ஆனாலும் வீடு நிறைய ஆட்கள், தமிழ்ச் சனம், முஸ்லிம் சனம் எல்லாம் கலந்து. வாசலில் சத்தம் கேட்டால் முகைதீன்பாவாவே எழும்பிப்போய்த் திறப்பார். யாரென்றும் கேட்கமாட்டார். "கிளாக்கர், இன்னும் எட்டுப் பேர் வந்திரிக்காங்க. கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். வினாயகமூர்த்தி சுவரோடு ஒட்டிப் படுத்தார். அந்த வீட்டுச் சோறு அவருக்கு இறங்கவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்தெட்டு வயதில்தான் அந்த மனுசனுக்குத் தெரிந்தது.

வெட்கத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குக் குடித்தனம் பண்ண முடியும்? ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தேடிப் பிடித்துக்கொண்டார். அவள் தட்டவில்லையே. தட்டியிருந்தால் திறந்திருப்பேனே. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறவளுக்குத் திறக்காமல் விட நான் என்ன கல்லா? இதைப் பல் விளக்கும்போது சொல்லிக்கொண்டார், கோயிலில் கண்ணை மூடும்போதும் சொல்லிக்கொண்டார். ஊரில் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பினார். ஆனால் யோகராசாவின் முகத்துக்கு நேரே நின்று இந்தச் சாக்கைச் சொல்ல மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது. "இனி ஆருக்குப் பூட்டுறீங்க?" என்று புஸ்பம் புதுக் கேற்றைப் பகலில் திறந்தே போட்டாள். அதனால்தான் மார்கழியில் ஒருநாள் யோகராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே விறாந்தைவரை வந்துவிட்டான். வினாயகமூர்த்தி மாடிப்படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"எங்க ஓடுறீங்க கிளாக்கரய்யா? இரிங்க, ஒரு விசயம் கதைக்கணும்" என்றான் யோகராசா.

இருந்தார். வேறு வழி? புஸ்பம் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.

யோகராசாவுக்கு இப்போது டவுனுக்கு அங்கால் திராய்மடுவில், கடல் கொண்ட சனத்துக்குக் கட்டிக்கொடுத்த வீடு. ஆற்றுக்கு வர விடியச் சாமத்தில் சைக்கிள் மிதிக்கவேண்டும். ஆள் காய்ந்து கறுத்துப்போயிருந்தான்.

"வாற சனிக்கிழம அஞ்சாம் வருசம். நம்மட ஒழுங்கையில பேர் எழுதி ஒரு கல்லு வைக்கிறம். பத்தொம்பது பேர். முதல் விளக்கு நீங்கதான் கொளுத்தணும். மூத்த ஆள் நீங்கதானே."

"என்னால ஏலா மனே."

"ஏன் ஏலா?"

வினாயகமூர்த்தி ஏதோ சுகமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "அண்டைக்குக் கேற்றப் பூட்டினது நான். மேல நிண்டு பாத்துக்கிட்டு இருந்தன். உன்ட பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடினத இந்தக் கண்ணால பாத்தன். கூப்பிடல்ல."

சொல்லிவிட்டு, அடி விழும் என்று எதிர்பார்த்தவர் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டார். யோகராசா கையில் ஒட்டியிருந்த மீன்செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"எப்பிடி?"

"செத்தவீட்டிலயே வதனியக்கா சொல்லிட்டா. அவ உங்கட கேற்றத் தட்டக் கையத் தூக்கினவவாம். என்ட இவள்தான் புடிச்சி இழுத்திருக்காள். ‘இது கிளாக்கர்ர வீடு, தொறக்கமாட்டாங்க, நேரம் போயிரும், வாக்கா’ எண்டு. ஒழுங்கைக்கே தெரியும் அய்யா."

ஐந்து வருடமாக வினாயகமூர்த்தி ஒளித்தது ஊருக்கே தெரிந்த ஒன்றை. அதைவிட மோசம், தன் குற்றம் அந்த ஒரு காலையோடு போனது என்றல்லவா நினைத்திருந்தார். பாலம் எந்தப் பக்கம் என்று தெரிகிற மாதிரி, இவர் திறக்கமாட்டார் என்பதும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கடல் துரத்தும்போதுகூட அவளுக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

"தட்டியிருந்தா..." என்று தொடங்கினார்.

யோகராசா சட்டென்று நிமிர்ந்தான். "அதத்தான் அய்யா அஞ்சி வருசமாக் கேக்கணும் எண்டு திரியிறன். என்னக் கண்டா நீங்க பஸ் ஏறிப் போயிர்றீங்க. தட்டியிருந்தா தொறந்திருப்பீங்களா? நான் சண்டைக்கு வரல்ல. அவள் பிழையா நினைச்சி ஓடிட்டாளோ எண்டுதான். இந்த வாசலில ஒரு தட்டுத் தட்டியிருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாங்களே எண்டு. செத்துப்போனவளோட ஒவ்வொரு நாளும் சண்ட புடிக்கிறன். ஏண்டி தட்டல்ல, ஏண்டி தட்டல்ல எண்டு."

வினாயகமூர்த்தியின் நாக்கு நுனியில் அந்தப் பதில் ஐந்து வருடமாகத் தயாராக இருந்தது. திறந்திருப்பேன். சொன்னால் அவர் நல்ல மனுசன். சொன்னால் தனுஷியா புத்தி கெட்டு ஓடிப் பிள்ளையையும் கொன்றவள். புருசன் சாகும்வரை அவளோடு சண்டை பிடிப்பான்.

குசினி வாசலில் புஸ்பம் தேத்தண்ணியோடு நின்றாள். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்த யன்னலுக்குப் பக்கத்தில் நின்றவள்தான்.

அவர் அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போனார். கேற்றடியில் இரண்டு பெண்களும் தடுமாறி நின்ற கணம். அப்போது மடியில் கிடந்த திறப்பை அவர் கை இறுக்கிப் பிடித்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டார். என்ன கேட்டார் என்பதும் நினைவிருந்தது. தட்டிவிடக்கூடாது என்றுதான் கேட்டார்.

"தொறந்திருக்க மாட்டன் மனே" என்றார். "எவ்வளவு தட்டினாலும் மாட்டன்."

யோகராசா உடுத்திருந்த சாரன் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது.

"அப்ப அவள் ஓடினதுதான் சரி" என்றான். "அவள்ல பிழ இல்ல."

"இல்ல. அவள்ல ஒரு பிழையும் இல்ல."

யோகராசா எழும்பி வந்து வினாயகமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "பெரிய உதவி செஞ்சிருக்கீங்க அய்யா. பெரிய உதவி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வினாயகமூர்த்தி கையை உருவ முடியாமல், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.