பார் இறக்கிய சைக்கிள்

என் மனைவி அன்னபூரணம் தையல் ரீச்சர். எழுபத்துநாலில் அவளுக்கு வேலணைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. நாங்கள் இருந்தது நாரந்தனையில். முதல் பஸ் ஊர்காவற்றுறையிலேயே நிறைந்து, எங்கள் சந்தியில் நிற்காமல் போகும். இரண்டாவது பஸ் தான் நினைத்த நேரத்துக்கு வரும். ஏழரை மணிக்குத் தலைமையாசிரியர் ஆழ்வாப்பிள்ளை கையெழுத்து இடாப்பில் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தவர் பிந்தி வந்தவர். அன்னபூரணம் அந்தத் தவணையில் இரண்டு தரம் கீழே வைத்துவிட்டாள்.

"மூண்டாந்தரம் எண்டால் கல்விக் கந்தோருக்கு எழுதுவன் ரீச்சர். உங்கட வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை, மறந்திடாதையுங்கோ" என்று அவர் சொல்லியிருந்தார்.

பெண்கள் சைக்கிள்தான் வழி. ஆனால் அது இறக்குமதி நின்றிருந்த காலம். கடையில் சைக்கிள் என்ற பேச்சே இல்லை. நயினாதீவு மார்க்கண்டுவின் மாட்டுக்கொட்டிலில் ஒரு பழைய ஆண்கள் சைக்கிள் தொங்கியது. நான் மாத்தறைக் கடைவீதியில் பேரம் கேட்டு வளர்ந்தவன். கறளைச் சுரண்டி, உதிர்ந்த துருவைக் காட்டி, "அண்ணை, சைக்கிளில கறள் பிடிச்சதோ, இல்லாட்டிக் கறளுக்குச் சைக்கிள் பூசி வைச்சிருக்கிறியளோ?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எவரும் விலையில் இறுக்கிப் பிடிப்பதில்லை. கடல் கடக்கிற லோஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு கிழமை மண்ணெண்ணெயும் தும்பும் கையுமாக இருவரும் தேய்த்தோம். கறள் போய்க் கறுப்பு வெளியே வந்தது. இனிச் சேலையோடு ஏறவிடாமல் குறுக்கே நின்றது மேல் பார் ஒன்றுதான்.

"நான் பள்ளிக்கூடத்தால வாறதுக்குள்ள அந்தப் பாரை இறக்கி வையுங்கோ" என்றுவிட்டுப் போனாள்.

மாத்தறையில் எங்கள் கடையில் லொறியை இறக்கு என்றால் லொறியில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. இரும்பு வாளால் இரண்டு முனையையும் அறுத்துப் பாரை வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் எறிந்தேன். பெருமையோடு ஏறி இருந்தேன். சைக்கிள் மெல்ல வயிற்றைத் தொங்கப் போட்டது; முன்சில்லு கிழக்கே, பின்சில்லு மேற்கே விலகின.

அன்னபூரணம் வாசல் படலையில் நின்று பார்த்தாள்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"நீர்தானே இறக்கச் சொன்னனீர்?"

"இறக்கிறதெண்டால் பதிச்சு வைக்கிறது! மேல நிக்கிற பாரைக் கீழ சரிச்சுப் பூட்டிறது. முதுகெலும்பை உருவிப்போட்டு மாட்டை நடக்கச் சொல்லுறியள். விலை பேசத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு சொல்லு விளங்கேல்லை."

அன்றே பெரிய தாளை விரித்து, சட்டைக்கு வெட்டுவதுபோல் சைக்கிளுக்கு அளவு வெட்டினாள். அறுத்த பார் கழுத்திலிருந்து சரிந்து சீற்றுக்குக் கீழே போய்ச் சேரவேண்டும். நீளம் போதாத இடத்துக்கு இன்னொரு குழாய்த் துண்டு. கொல்லர் அம்பலவாணர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது கழுத்துப் பக்கமோ, கைப் பக்கமோ?"

சிரித்து முடித்துவிட்டு, தாளில் இருந்தபடியே பித்தளை உருக்கி ஒட்டினார். இம்மியும் பிசகவில்லை.

பின்சில்லில் சேலை சிக்காமலிருக்க இரண்டு பக்கமும் மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் வலை பின்னிக் கட்டினாள். நழுவாத முடிச்சை மீன்காரச் சந்தியோகுவிடம் கேட்டுப் பழகியிருந்தாள். மட்காட்டில் துளை போட்டவன் நான். இந்தமுறை எத்தனை துளை, எவ்வளவு இடைவெளி என்று மூன்று தரம் கேட்டபிறகுதான் கை வைத்தேன்.

திங்கள் காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டாள். சந்தியில் நின்ற தம்பிஐயா வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"ரீச்சர், பின்னால வலை கிடக்கு. திருக்கை ஏதும் படுமோ?"

"சந்தியில நிக்கிற நெத்தலியள்தான் படுகுது" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு மிதித்தாள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் சந்திக்குப் போனேன். முதல் பஸ் அன்று வரவேயில்லையாம். இரண்டாவதில் ஏறிப் பார்த்தால், வழக்கமாக முதல் பஸ்ஸில் போகிற ஆழ்வாப்பிள்ளையும் தொங்கிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது ஏழே முக்கால்.

அவர் பின்னாலேயே போனேன். மேசையில் இடாப்பு திறந்து கிடந்தது. முதற் கையெழுத்து அன்னபூரணத்தினது; ஏழு மணி இரண்டு நிமிடம். அதற்குக் கீழே இன்னும் மூன்று பேர். அவர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு.

"ஆர் கீறினது?"

"நான்தான் சேர்" என்றாள் அன்னபூரணம். "நீங்கள் இல்லாட்டி முதல் வந்த ஆசிரியர் கீறவேணுமெண்டு நீங்கள்தானே சுவரில எழுதி ஒட்டியிருக்கிறியள்."

ஆழ்வாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து, கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

"நல்ல நேரான கோடு ரீச்சர்" என்றார்.

நான் திரும்பிப் போகப் பஸ் ஏறவில்லை. பஸ்ஸில் போனால் அதில் இருக்கிற ஆட்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்லலாம். நடந்து போனால் வழியில் எத்தனை படலை!