ஒற்றை 'ம்'

எங்கள் வீட்டில் ஒரு மொழி உண்டு. அதில் மொத்தமே இரண்டு சொற்கள்தான். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, ஒருவருடைய உடையின் அடி ஓரத்தை மடித்துக் குத்தும்போது பேச முடியாது. பேசினால் ஊசி கீழே விழும், இல்லையென்றால் தொண்டைக்குள் போகும். அதனால் ஒரு 'ம்' என்றால் திரும்பு. இரண்டு 'ம்' என்றால் போதும், நில். அம்மா வேலை பழகிய கடையிலிருந்து கொண்டுவந்த பழக்கம் இது. நானும் என் தங்கையும் சிறுமிகளாக இருந்தபோது வெட்டு மேசைக்கு அடியில் இதையே விளையாட்டாக ஆடுவோம். ஒருத்தி 'ம்' என்பாள், மற்றவள் பம்பரமாகச் சுற்றுவாள். 'அம்மா', 'அக்கா' என்று சொல்ல வரும் முன்பே எங்களுக்கு இந்த 'ம்' வந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாள்.

கடை கீழே, வீடு மேலே. இரண்டு தையல் மிஷின், ஒரு மேசை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அளவு பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை. மூன்று வருடத்துக்கு முன்பு அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. பிறகு கறுப்புத் துணியில் கறுப்புத் தையல் தெரியாமல் போனது. பார்வை இனிமேல் தேறாது, குறையத்தான் செய்யும் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்தேன். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை. தங்கை ஒன்பதை முடித்திருந்தாள்.

அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் பேசி முடித்தோம். "முதல்ல நீ முடி. நீ முடிச்ச அன்னைக்கு மிஷின் உனக்கு, பள்ளிக்கூடம் எனக்கு" என்றேன். "சத்தியமாக்கா" என்று என் தலையில் கை வைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த அளவுக்கு அவளுக்குக் கண் தெரிந்தது.

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்காக எங்கள் ஊரில் ஒரு பகல் வகுப்பு நடக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவைதான் ஆள் எடுப்பார்கள், இருபத்தொரு வயது நிறைந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள். எனக்கு இன்னும் ஐந்து மாதத்தில் இருபத்தொன்று. விண்ணப்பத்தை நிரப்பி, பட்டன் டப்பாவுக்கு அடியில் மடங்காமல் வைத்திருந்தேன். தங்கையின் பள்ளி நிறைவு விழா புதன்கிழமை. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இடையில் இருக்கும் ஒரு வியாழக்கிழமையில் அவளுக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்ட மகா புத்திசாலி நான்.

விழாவுக்கான கறுப்பு அங்கிகளைத் தைக்கும் வேலை எங்கள் கடைக்கே வந்தது. நாற்பத்திரண்டு அங்கி. நாற்பத்திரண்டையும் நான்தான் தைத்தேன். தங்கை ஒத்திகை ஒத்திகை என்று ஓடிக்கொண்டிருந்ததால் அவளுடைய அங்கிக்கு அளவு பார்க்க ஆள் சிக்கவில்லை. "நீயே போட்டுப் பாருடி, ரெண்டு பேரும் ஒரே உசரம்தானே" என்றாள் அம்மா. போட்டுப் பார்த்தேன். தோள், கை, நீளம் எல்லாம் கச்சிதம். கண்ணாடிக்கு முன்னால் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் அவளைவிட மூன்று விரற்கடை உயரம் என்பதை அம்மாவின் கண் பார்க்கவில்லை. எனக்கும் அந்த நிமிடத்தில் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை, மேடைக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான்கள் போட்டிருக்கும் அறையில் மாணவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். காற்றுப் போன பந்துகளும் பழைய பாய்களும் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. எங்கேயாவது தையல் விட்டால் பிடித்துக் கொடுக்க நானும் அம்மாவும் ஊசி டப்பாவோடு வந்திருந்தோம். தங்கைக்கு முன்னால் ஆறு பேர்தான் இருந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய அங்கி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"தடுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கப் போறே, அசையாம நில்லு" என்று மண்டியிட்டேன். ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டேன். அம்மா என் பக்கத்தில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பக்கம் மடித்துக் குத்திக்கொண்டு வந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

நான் அண்ணாந்து பார்த்தேன்.

"ஒரு காலேஜுக்கு எழுதிப் போட்டிருந்தேன். கிடைக்காதுன்னு நெனச்சுத்தான் போட்டேன். கிடைச்சிருச்சு. நாலு வருஷம், அங்கேயே தங்கிப் படிக்கணும். வர்ற வாரமே வரச் சொல்றாங்க."

அவளுக்கு முன்னால் கடைசியாக நின்றவளின் பெயரையும் கூப்பிட்டார்கள். வரிசை ஓரடி நகர்ந்தது. நானும் முழங்காலால் ஓரடி நகர்ந்தேன்.

"இதை விட்டா அடுத்த வருஷம் கிடைக்குமான்னு தெரியாது. நான் போகட்டுமாக்கா?"

வாயில் நான்கு ஊசி இருந்தது. துப்பியிருக்கலாம். துப்பிவிட்டு, 'அப்ப நான்?' என்று கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டே சொல்தான். ஆனால் என் கை வேலையில் இருந்தது. முன்பக்கம் முடிந்து பின்பக்கம் பாக்கி. அடுத்து அவள் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள். வாயிலிருந்து தானாக வந்தது.

"ம்."

அவள் திரும்பவில்லை. குனிந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு ஊசி என் உள்ளுதட்டில் ஏறியது. "எனக்குத் தெரியும்க்கா! நீ என்னை விட்டுக்கொடுக்க மாட்டே!" என்றாள். பெயரைக் கூப்பிட்டார்கள். பின்பக்கம் இழுபட இழுபட ஓடினாள்.

சான்றிதழ் வாங்கும் ஒவ்வொருவரும் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம். மற்றவர்கள் நன்றி, வணக்கம் என்று தப்பித்துக்கொண்டார்கள். இவள் பேசினாள். "எங்கக்கா எனக்காகத் தன் படிப்பையே விட்டா. இப்ப நான் காலேஜ் போறதுக்கும் அவதான் சரின்னு சொன்னா. இந்த அங்கியும் அவ தச்சதுதான்." அரங்கம் முழுக்கக் கை தட்டியது. தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த அக்கா கொஞ்சம் முன்னாடி வாங்கம்மா" என்றார். யாரோ என்னைப் பிடித்து மேடை ஓரத்தில் நிறுத்தினார்கள். வாயில் இன்னும் மூன்று ஊசி, உதட்டில் ரத்தம். நான் வாயைத் திறக்காததை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக ஒரு கூட்டம் கை தட்டியது அந்த ஒரு தடவைதான். அப்படி ஒரு கோபமும் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

மதியம் கடையைத் திறந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "நீ பக்கத்துலதானே இருந்தே? நான் எத்தனை 'ம்' சொன்னேன்?"

அம்மா அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணு."

"ஒண்ணுன்னா என்ன?"

"பதட்டத்துல மறந்திருப்பாடி. அவளுக்கு அந்த நேரத்துல என்ன புத்தி இருக்கும்?"

"இப்ப கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"அத்தனை பேருக்கு முன்னாடி உன்னைத் தூக்கி வச்சுப் பேசியிருக்கா. இப்ப போய் அப்படி இல்லைன்னா அவ மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வச்சுக்குவா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுவும் இல்லாம, அவளை மிஷின்ல உக்கார வச்சா கடை ஒரு மாசம் தாங்குமா, நீயே சொல்லு. போன வருஷம் அவ வச்ச ஜிப்பு ஞாபகம் இருக்கா? அந்த மனுஷன் அந்தப் பேன்ட்டை இன்னும் கழட்டினாரோ என்னமோ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. அம்மா அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுல நூலைக் கோத்துக் குடு" என்று ஊசியை நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். மூன்றேகாலுக்கு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு கடை வாசல்படி வரைக்கும் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. போய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகு நடப்பது நடக்கட்டும் என்றுதான் கிளம்பினேன். படியிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், அதுதான் தப்பு. அம்மா ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டுக்கான துணியை மேசையில் விரித்து, நான் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் கத்தரிக்கோல். கோடு ஒரு பக்கம் இருந்தது, கத்தரி வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. "அம்மா, வெட்டாதே!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அந்தத் துணியை நான் வெட்டி முடித்தபோது மணி நான்கரை.

அந்த வாரம் முழுக்கத் தங்கை என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். பாத்திரம் கழுவினாள், கடையைப் பெருக்கினாள், என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். நானும் அவளிடம் முகம் சுளிக்கவில்லை. அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பதற்றத்தில் மறந்திருப்பாள். பதினெட்டு வயது, மேடை, இத்தனை பேர், யாருக்குத்தான் எது நினைவிருக்கும்? அவள் மறந்ததால் என் படிப்பு போனது என்றால் அது என் தலையெழுத்து, அவ்வளவுதான். மனது ஆறவில்லை, ஆனால் அவளை வெறுக்காமல் இருக்க அது போதுமானதாக இருந்தது. ஒரே தங்கை.

அவள் கிளம்பும் நாள் காலையில், பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள். "அக்கா, இந்தப் பாவாடை நீளமா இருக்கு. ரெண்டே நிமிஷம். வண்டி வந்துரும்."

கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். மண்டியிட்டு, ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டேன். விடுதியில் அவளுக்குக் கிடைத்திருக்கும் அறையைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு ஒரு அறையாம். ஜன்னல் ஓரத்துக் கட்டில் இவளுக்காம். ஜன்னலுக்கு வெளியே பெரிய மைதானமாம். முன்பக்கம் மடித்துக் குத்தி முடித்தேன். அவளைச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவே இல்லை. வேலை அந்த இடத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

"ம்" என்றேன்.

பேச்சை நிறுத்தாமலே திரும்பினாள். தேவையான அளவுக்கு, ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல்.

அதன் பிறகுதான் பேச்சு நின்றது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்துவிட்டது அவளுக்கு.

"அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

வாயில் ஒரே ஓர் ஊசிதான் மிச்சம் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். எடுக்கவில்லை.

"ம், ம்" என்றேன்.

நிறுத்திக்கொண்டாள்.