ஐந்தாம் பாகத்தைவிட எவ்வளவோ மேல்

இரண்டாம் பாகம் என்பது முதல் பாகத்தை முடிக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை. மூன்றாம் பாகம், இரண்டாவது எப்படி ஓடியது என்று அவர்களுக்கே புரியாமல் எடுப்பது. நான்காவதிலிருந்து எல்லாமே பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. இதை நான் எழுதியபோது இரண்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் அடுத்த வாரமே ஒரு நான்காம் பாகத்துக்கு வரிசையில் நின்றதையும் பார்த்தேன். நானும் அதே வரிசையில்தான் நின்றேன். ஆனால் நான் நின்றது திட்டுவதற்காக.

விண்வெளிப் படம் என்றால் எனக்கு வயிறு இன்னும் கொஞ்சம் கூடுதலாக எரியும். அங்கே காற்றே கிடையாது, ஆனால் கேப்டனின் மேலங்கி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். எத்தனையோ ஒளியாண்டு தள்ளியிருக்கிற வேற்றுக்கிரகவாசி, இறங்க இடமில்லாததுபோல் நகரத்தின் நடுவில், அதுவும் அலுவலகம் விடும் நேரமாகப் பார்த்து வந்து இறங்குவான். உலகம் அழிய மூன்று நிமிடம் இருக்கும். அதில் இரண்டு நிமிடம் அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மிச்ச ஒரு நிமிடத்தில் நீல வயரை வெட்டுவதா சிவப்பு வயரை வெட்டுவதா என்ற ஆராய்ச்சி நடக்கும். இத்தனை நூற்றாண்டு தாண்டியும் வயரிங் வேலை மட்டும் முன்னேறவே இல்லை.

எனக்குப் பிழைப்பு கண்ணாடிக் கடையில், பவர் பார்ப்பது. ஒரு நாளைக்கு முப்பது பேரை நாற்காலியில் உட்கார வைத்து, இந்த லென்ஸில் தெளிவா, அந்த லென்ஸில் தெளிவா என்று மாற்றி மாற்றிக் கேட்பேன். நான்கைந்து லென்ஸ் போட்டதும் முதலில் போட்டதே பரவாயில்லை என்பார்கள். தொடர்படங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த நாற்காலிப் பக்கத்தில் நின்றுதான். மற்ற நேரத்தில் ‘கடைசி வரிசை’ என்ற பெயரில் இணையத்தில் ஒரு விமர்சனப் பக்கம் நடத்துகிறேன். பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். முதல் நாள் காலைக் காட்சி, கடைசி வரிசை, நடைபாதை ஓரத்து இருக்கை. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து வெளியே வந்து, வராந்தாவிலேயே நின்று விமர்சனத்தைப் போட்டுவிடுவேன். மற்றவர்கள் விளக்கு எரிந்த பிறகு, பாப்கார்ன் டப்பாவைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்குள் என்னுடையது நூறு பேரைத் தொட்டிருக்கும்.

‘சாம்பல் கோள்’ வரிசையில் ஐந்தாம் பாகம் போன வருடம் வந்தது. அதற்கு ‘முடிவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காலையில் எங்கள் கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை முகாம். இருநூறு பிள்ளைகள். விடுப்புக் கேட்டதற்கு முதலாளி பதில்கூடச் சொல்லவில்லை. நான் என்ன செய்ய? பதினோராயிரம் பேர் காத்திருக்கிறார்கள். இரண்டு முன்னோட்டங்கள், ஒரு போஸ்டர், சொந்த அறிவு, இவ்வளவையும் வைத்து, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் எழுதி முடித்தேன். முன்னோட்டத்தில் ஒரு சவப்பெட்டி தெரிந்தது, பக்கத்தில் கேப்டனின் தொப்பி. அதைப் பிடித்துக்கொண்டு கேப்டனின் மரணத்தை ஒரு பத்தி முழுக்க நார்நாராகக் கிழித்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். திட்டி முடித்த படத்தைப் போய் யார் பார்ப்பார்கள்?

இந்த வருடம் ஆறாம் பாகம். பெயர், ‘உண்மையான முடிவு’. மக்களுக்கு ஞாபகப்படுத்துவதற்காக அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஐந்தாம் பாகத்தை எங்கள் தியேட்டரில் மறுபடியும் ஓட்டினார்கள். எங்கள் தியேட்டர் என்று உரிமையோடு சொல்லக் காரணம், அங்கே ஆபரேட்டராக இருப்பவன் என் மனைவியின் தம்பி. இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் வேலையில் சேர்ந்ததால் அவனுக்கு டார்ச் என்றே பெயராகிவிட்டது. முப்பத்திரண்டு வயதில், எட்டு வருடம் டார்ச் அடித்த பிறகு, ஆபரேட்டர் அறைக்குப் போயிருந்தான். ஆறு மாதம் தற்காலிகம். அடுத்த வாரம் நிரந்தரமாக்கும் உத்தரவு வர வேண்டும். வீட்டில் இருக்கிற சாமிக்கெல்லாம் என் மனைவி வேலை கொடுத்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக் காட்சிக்கு இருபது பேர் இருந்தோம். படம் ஒரு பாலைவனத்தில் ஆரம்பித்தது. நான் போனில் முதல் வரியைத் தட்டத் தொடங்கிவிட்டேன். இப்போதெல்லாம் படத்தின் பெயரையே கடைசியில்தான் போடுகிறார்கள், ஏதோ விடை தெரியாத பரீட்சை மாதிரி. அதனால் தலையை நிமிர்த்த அவசரமில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். எனக்கு முன்னால் இருந்த வரிசையில் ஓர் அம்மா, பிறகு தெரிந்தது அவர் பல் டாக்டர் என்று, திரும்பி என்னிடம் மெதுவாக, இது போன வாரம் பார்த்த படம் மாதிரியே இருக்கிறதே என்றார். இருக்கத்தான் செய்யும், இவர்கள் எதைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி. இது காலப் பயணம், கேப்டன் பழைய நாளுக்குத் திரும்பிப் போயிருக்கிறார், பொறுமையாகப் பாருங்கள் என்று விளக்கம் சொன்னேன். ஆறாம் பாகத்தின் முன்னோட்டத்தில் ஒரு கடிகாரம் பின்னால் ஓடியதைப் பார்த்திருந்தேன், அந்த தைரியம். சுற்றியிருந்த நான்கு பேர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

வழக்கம்போல் பத்து நிமிடம் முன்னதாக எழுந்து வந்து போட்டேன். முதல் வாக்கியம்: ஐந்தாம் பாகத்தைவிட எவ்வளவோ மேல்.

மத்தியானம் வரை அதற்கு எண்ணூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். படம் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர், இதில் பாலைவனமே இல்லையே என்று கேட்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கவும் என்று பதில் எழுதிவிட்டு ஒரு பெரியவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி பார்க்கப் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டார்ச் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

நடந்தது இதுதான். இப்போது படமெல்லாம் கணினியில் கோப்பாக வருகிறது. விளம்பரம், முன்னோட்டம், படம் என்று வரிசையாக ஒரு காட்சிப் பட்டியல் போட்டு வைத்துவிட்டால் அதுவாக ஓடும். ஒவ்வொரு வாரமும் புதிதாகப் போடுவதற்குச் சோம்பல்பட்டு, ஆபரேட்டர்கள் முந்தின நாள் பட்டியலையே நகல் எடுத்து மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள். டார்ச்சும் நகல் எடுத்தான். விளம்பரத்தை மாற்றினான், முன்னோட்டத்தை மாற்றினான், படத்தை மாற்றவில்லை. காலைக் காட்சிக்கு ஓடியது ஐந்தாம் பாகம். அடுத்த காட்சிக்கு அவனே சரிசெய்துவிட்டான். ஆனால் பல் டாக்டர் படம் முடிந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போய்விட்டார்.

தவறாக ஓட்டினால் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். தெரிந்தும் மறைத்தால் வேலை போய்விடும், அதுதான் அங்கே சட்டம். இங்கேதான் நான் வந்து மாட்டினேன். சந்தேகம் கேட்ட வாடிக்கையாளரைக் கடைசி வரிசையில் ஒருவர் சமாதானம் சொல்லி உட்கார வைத்தாராம். விசாரித்தால் அவர் ஆபரேட்டரின் அத்தானாம். ஐந்தாம் பாகத்தைப் பற்றி அத்தனை நீளம் எழுதிய ஆளுக்கு ஐந்தாம் பாகம் தெரியாதா? ஆக, இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு மூடி மறைத்திருக்கிறார்கள் என்பது மேனேஜரின் முடிவு. நாளைக்கு அத்தானையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார்.

 அப்போதும் நான், இரண்டு பாகமும் ஒரே மாதிரி எடுத்தால் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியும் என்று தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். முகாம் நடந்த நாள் நான் எங்கே இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும், அன்று சாப்பாடு கட்டிக் கொடுத்தது அவள்தான்.

“அந்தப் படத்தைப் பார்க்கலைன்னு போய் உண்மையைச் சொல்லுங்க” என்றாள்.

என் பெயர் என்ன ஆவது, பதினோராயிரம் பேர் என்ன நினைப்பார்கள் என்றேன்.

“அவங்க என்ன வேணா நினைக்கட்டும். இவன் வேலை போச்சுன்னா இங்கதான் வந்து இருப்பான். தினமும் உங்க பக்கத்துல உட்கார்ந்து படம் பார்ப்பான். அவன் பார்க்கிற படம் எல்லாத்தையும் கடைசி வரைக்கும் பார்க்கிறவன்.”

டார்ச் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காக இல்லாவிட்டாலும், எட்டு வருடம் இருட்டில் ஊரார் காலை மிதிக்காமல் நடந்த அந்தப் பொறுமைக்காகவாவது போக வேண்டும் என்று தோன்றியது. 

மேனேஜர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. குரல் உயர்த்திப் பேச மாட்டார். அவர் போட்டிருந்த கண்ணாடி நான் பவர் பார்த்துக் கொடுத்ததுதான். மேசைமேல் கணினியிலிருந்து எடுத்த ஓட்டப் பதிவு, பல் டாக்டரின் புகார், அவற்றுக்கு மேலே என் போன வருடத்து விமர்சனம். ஐந்து பக்கம் வந்திருந்தது. நான் இவ்வளவா எழுதினேன்?

“நீங்க கவனிக்காம இருந்திருக்க வாய்ப்பே இல்லை சார்” என்றார்.

“நான் அஞ்சாம் பாகம் பார்க்கலைங்க.”

“இது நீங்க எழுதினதுதானே?”

“நான்தான் எழுதினேன். பார்க்காம எழுதினேன்.”

அவர் நம்பவில்லை. மைத்துனனுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் கேப்டன் என்ன ஆனார் என்று கேட்டார்.

செத்துவிட்டார் என்றேன். ஒரு பத்தி எழுதியிருக்கிறேனே, சந்தேகம் என்ன?

மேனேஜர் டார்ச்சைப் பார்த்தார். டார்ச் சுவரைப் பார்த்தான்.

“அந்தப் பெட்டி காலி சார்” என்றார் மேனேஜர். “அவர் சாகலை. அதுதான் படமே. நேத்து காலையிலயாவது பார்த்திருப்பீங்களே?”

பத்து நிமிடம் முன்னதாகவே எழுந்து போய்விட்டேன் என்றேன்.  அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஐந்தாம் பாகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காமல் விமர்சனம் எழுதினேன். மறுபடி காட்டியபோதும் எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சுருக்கமான விமர்சனம் அதுதான். அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, டார்ச்சுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான், நிரந்தர உத்தரவு தள்ளிப்போகாது என்றார்.

வெளியே வந்ததும் டார்ச் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆபரேட்டர் அறைக்குக் கூட்டிப்போய்ப் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். சின்ன அறை. இயந்திரத்துக்குள் மின்விசிறி விடாமல் இரைந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி. அதன் வழியே கீழே அரங்கம் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் நேர் கீழே கடைசி வரிசை. பெயர் போனாலும் குடும்பத்தில் ஒருவனைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவு எனக்கு. கேப்டன்களெல்லாம் படத்தில்தான் தியாகம் செய்வார்கள், நான் நிஜத்தில் செய்துவிட்டேன் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

“உங்ககிட்ட மறைக்கக் கூடாது அத்தான்” என்றான் டார்ச். “படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

 தெரிந்துமா ஓட விட்டாய் என்று கேட்டேன்.

“நிறுத்தத்தான் போனேன். நிறுத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சிரும், உத்தரவு வர்ற நேரம். என்ன பண்றதுன்னு இந்தக் கண்ணாடி வழியா கீழ பார்த்தேன். உங்க போன் வெளிச்சம் தெரிஞ்சுது. போன வருஷம் டார்ச் அடிச்சுக்கிட்டே இந்தப் படத்தை நாற்பது தடவை பார்த்திருக்கேன் அத்தான். கேப்டன் செத்துட்டார்னு நீங்க எழுதினப்பவே, நீங்க படம் பார்க்கலைன்னு எனக்குத் தெரியும். அத்தானே கண்டுபிடிக்க மாட்டார், மத்தவங்க எங்க கண்டுபிடிக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.”

இறங்கிப் போய் மேனேஜரிடம் இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னால் யார் நம்புவார்கள்? தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுகிற ஆள் நான் என்று என் கையெழுத்திலேயே அங்கே தாள் இருக்கிறது. அந்தத் தாளை வைத்துத்தான் இவன் தப்பித்தான். எனக்கு ஆத்திரமும் அவமானமும் ஒன்றாக வந்து, எதைக் காட்டுவது என்று தெரியாமல் டீயைக் குடித்தேன்.

தெரிந்திருந்தும் ஒரு வருடமாக ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“எதுக்குச் சொல்லணும்? ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க அத்தான்” என்றான் டார்ச். “படத்தைவிட நல்லா இருந்துச்சு.”

அவன் கிண்டல் செய்யவில்லை. அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன், மனதாரத்தான் சொன்னான்.