இரண்டு வீட்டுக்கு ஒரே உத்திரம்

ஆன்றோ உத்திரத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினான். பிடி வரைக்கும் போனது. வெளியே இழுத்ததும் மரத்தூள் உள்ளங்கையில் கொட்டியது. மாடிக்கு டேபிள் தூக்க வந்து, இப்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கொத்தனார் அழகுபாண்டி அண்ணாந்து பார்த்தான்.

"என்னண்ணே இது, உத்தரமா, டீக்கடை ரஸ்க்கா?"

ஆன்றோவுக்குச் சிரிப்பு வரவில்லை. தல்லாகுளத்தில் தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர் வீடு. இடிக்க மனசில்லாமல், பழுது பார்த்து, பின்னால் புது அறைகள் சேர்த்து, அண்ணன் இம்மானுவேலுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என இரண்டு வீடாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாதி யாருக்கு என்று சண்டை போடவில்லை. முழங்காலில் நின்று ஜெபம் பண்ணி, பைபிள்மேல் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ரோட்டுப் பக்கம் அண்ணனுக்கு விழுந்தது. பின்பாதியும் மாடிப்படியும் ஆன்றோவுக்கு. "எனக்கு எப்பவும் பின்னாலதான்" என்று அன்றைக்கு அவன் வாய்விட்டது அண்ணன் காதில் அப்படியே தங்கிவிட்டது. நடுக்கூடத்துக்குக் குறுக்கே பலகைத் தடுப்பு வைத்தார்கள். சீட்டு தரையைத்தான் பிரித்தது. இரண்டு பக்கக் கூரையையும் சுமப்பது சுவருக்குச் சுவர் ஓடும் அதே தேக்கு மரம். இம்மானுவேல் தன் பக்கத்தை முதலில் முடித்து, உத்திரத்தை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டார். அந்தக் கூடத்தில்தான் இன்று அவர் மகள் ஆஷ்லினுக்கு நிச்சயம். பந்தி மொட்டைமாடியில், பந்தலுக்குக் கீழே. காலையில் டேபிள் ஏற்றும்போதுதான் மரம் முனகியது, பூச்சு பெயர்ந்தது.

ஆன்றோ அந்தப் பக்கம் போனான். இம்மானுவேல் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உத்தரம் செல்லரிச்சுப் போச்சு. மாடியில பந்தி வேணாம். கீழ வாசல்ல போட்ருவோம்."

"எந்தப் பக்கம் அரிச்சிருக்கு?"

"என் பக்கந்தான். ஆனா மரம் ஒண்ணுதானண்ணே."

இம்மானுவேல் குரலைத் தாழ்த்தினார். "வெயில்ல சம்பந்தி வீட்டை ரோட்டுல உக்கார வச்சுச் சோறு போடச் சொல்றியா? சீட்டு விழுந்த நாள்லருந்து ஒனக்கு வயிறு எரியுதுடா. கர்த்தர் குடுத்ததுல கொறை சொல்லாத."

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. வயிறு எரிந்தது நிஜம். அதனால் மரம் கெட்டியாகிவிடாது.

திரும்பும்போது பட்டுப்புடவையில் ஆஷ்லின் வழி மறித்தாள். "சித்தப்பா, நெசமாவே விழுமா?"

"தெரியலத்தா."

"அப்பா கேக்க மாட்டாரு. நான் எங்க நிக்கணும், அத மட்டும் சொல்லுங்க."

அவன் ஃபால்ஸ் சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் பக்கம் நடந்தான்.

அழகுபாண்டி உத்திரத்தின் முனைக்கு ஒரு இரும்பு ஜாக்கியால் முட்டுக் கொடுத்திருந்தான். "கூரையத் தாங்கும்ணே. அம்புட்டு சனம் ஏறுனா நான் பொறுப்பில்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். பலகைக்கு அப்பால் பாட்டு முடிந்து பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். இந்த வீட்டைக் கட்டிக் காத்த தேவனுக்கு அவர் நன்றி சொல்வது எழுத்து விடாமல் இந்தப் பக்கம் கேட்டது. மாடிப்படிக் கதவைப் பூட்டினால் சம்பந்தி வீட்டார் முன்னால் அண்ணன் மானம் போகும், கல்யாணமேகூட நின்று போகலாம். அந்தப் பழியோடு இதே பலகைக்கு இந்தப் பக்கம் காலம் தள்ள வேண்டும். பூட்டாமல் விட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. அந்த ஒருவேளையை நம்பித்தான் அத்தனை பேரையும் மேலே அனுப்ப வேண்டும்.

ஆமென் என்று எல்லாரும் சொன்னபோது அவன் படிக்கதவைப் பூட்டியிருந்தான்.

பாஸ்டர் முன்னால் வந்தார். "ஸ்தோத்திரம் தம்பி. மேலதான சாப்பாடு?" பின்னால் சம்பந்தி வீட்டார், அவர்களை விலக்கிக்கொண்டு இம்மானுவேல். பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. சிரிப்பை மட்டும் விடவில்லை.

"சாவிய எங்கயோ வச்சுட்டான் போல" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு, தம்பியிடம் கையை நீட்டினார். "குடு."

ஆன்றோவின் மூடிய கைக்குள் சாவியும் மரத்தூளும் வியர்வையில் ஒட்டிக்கிடந்தன. கூட்டத்தின் ஓரத்தில் ஆஷ்லின் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுமுன்பே மாடிக்கு ஏறியிருந்த பரிமாறும் ஆட்கள் யாரோ டேபிளை இழுத்தார்கள். உத்திரத்திலிருந்து மெல்லிய கோடாகத் தூள் இறங்கி இம்மானுவேலின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது. அவர் நிமிராமலே தட்டிவிட்டார். கை இன்னும் நீண்டிருந்தது. தூள் மறுபடி விழுந்தது.