ஊதா மருந்து

1936ல் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் யூனிஸுக்கு ஊதாச் சாயம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. காலையில் மைக்ராஸ்கோப்பில் தெரிவதற்காகக் கண்ணாடித் துண்டில் கிருமிகளுக்கு அதை ஏற்றுவாள். மத்தியானம் நோயாளிகளின் வாய்ப்புண்ணில் அதையே தடவுவாள். விரலில் பட்டால் எந்தச் சோப்புக்கும் அசையாது. வெள்ளைக்கார டாக்டரம்மாவே தேய்த்துத் தேய்த்துத் தோற்றவர். அந்த விரல்களைப் பார்த்து இரண்டு மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்த கையோடு கிளம்பிவிட்டார்கள். "மூணாவதும் போச்சுன்னா வேலையை உட்டுடு" என்று அவள் அப்பா கிருபானந்தம் சொல்லிவிட்டார். அவளுக்கோ அந்த வேலைதான் உயிர்.

மூன்றாவது மாப்பிள்ளை தேவானந்தம், ரேணிகுண்டா ஸ்டேஷனில் குமாஸ்தா. பெரிய புத்திசாலி என்று அவனுக்கு நினைப்பு. பெண் பார்க்கும் நாளுக்கு முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் போய், வேறு பெயர் கொடுத்து, வாய்ப்புண் என்று யூனிஸிடம் நாக்கை நீட்டினான். பெண்ணை ஆசை தீரப் பார்த்தான். பிடித்துப்போயிற்று. ஆனால் எத்தனை கொப்பளித்தும் அவள் தடவிய ஊதா போகவில்லை.

மறுநாள் அம்மாவோடு பெண் வீட்டுக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கிருபானந்தம், "மாப்பிள்ளையே ஜெபம் பண்ணட்டும்" என்றதும் வேர்த்துக் கொட்டியது. நல்லவேளை, ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். யூனிஸ் மட்டும் மூடவில்லை. ஆமென் சொன்ன மறுகணம் வாயைப் பூட்டிக்கொண்டான்.

கண்ணைத் திறந்த அவன் அம்மா ஞானம்மாள், காப்பித் தம்ளரை நீட்டிய யூனிஸின் விரல்களைப் பார்த்தாள்.

"இன்னாம்மா கை இது? ஏதாவது சீக்கா?"

"இல்லீங்க, மருந்து. ஆஸ்பத்திரில ஒட்டிக்கினு போவ மாட்டேங்குது."

"இந்தக் கையால சோறு போட்டா யாரு துன்றது? எழுந்திரு தேவா."

வேலை போயிற்று என்றே யூனிஸ் நினைத்தாள்.

தேவானந்தம் எழுந்தான். அம்மாவுக்கு முன்னால் நாக்கை முழுசாக நீட்டினான்.

"ஐயோ, நாக்குக்கு இன்னாடா ஆச்சு?"

"இந்தக் கைதாம்மா நேத்து மருந்து தடவுச்சு. பொண்ணைப் பாக்கணும்னு வாய்ப்புண்ணுன்னு பொய் சொல்லிக்கினு போனேன். எனக்கு இவங்கதான் வேணும். வேலையும் பாக்கட்டும்."

ஞானம்மாள் மகனை முறைத்தாள். பிறகு உட்கார்ந்து, யூனிஸ் கையிலிருந்தே காப்பியை வாங்கிக்கொண்டாள். "பொய் சொன்ன நாக்குக்கு இது போதாது" என்றாள்.

"புண்ணு இல்லன்னு எனக்கு நேத்தே தெரியும் அத்தை" என்றாள் யூனிஸ். "அதான் ரெண்டு தடவை தடவினேன்."