நாலு பிளக்குக்கு நாலு காயில்

டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் இரண்டாவது கிளிப்பையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிட்டு, பாப்பா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே கட்டிலில், மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காரை ஜன்னலை ஒட்டி, திறந்த போனட் அவர் கண்ணுக்கு நேராக வரும்படி நிறுத்தியிருந்தாள். அது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று.

"மூடியைக் கீழ போட்டு உடைச்சிடாத. சாயங்காலம் திரும்ப மாட்டணும்." வார்த்தைக்கு வார்த்தை அவருக்கு மூச்சு வாங்கியது.

"அதுக்கு அவசியம் வராது."

"பாப்போம்."

நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை உலகத்தில் யாரும் பாப்பா என்று கூப்பிட மாட்டார்கள். அண்ணன் கூப்பிட்டார், அவரைப் பார்த்து அண்ணியும், வண்டி விட வருகிறவர்களும் கூப்பிட்டார்கள். அண்ணனும் அவளும் சேர்ந்து நடத்திய ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் அவர் பாடு, ஒயரிங் இவள் பாடு. ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைப்பதில்லை. இந்த ஒரு காரில் மட்டும்தான் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த முட்டல் ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

அண்ணனின் சொந்தக் கார் அது. பழைய டர்போ வண்டி. நாலு பிளக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு காயில். அது தரும் மின்சாரத்தை டிஸ்ட்ரிப்யூட்டர் முறை வைத்து நாலு ஒயர்களில் பங்கு பிரித்து அனுப்பும். கடைத்தெருவுக்குப் போய்வர அது தாராளம். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போதுதான் சாயம் வெளுத்துவிடும். அழுத்தம் ஏற ஏறப் பிளக்கில் பொறி விழ அதிக பலம் வேண்டும். வேகத்தில் அந்த ஒற்றைக் காயிலுக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது. பொறி அணைந்து வண்டி இருமும்.

"ஒவ்வொரு பிளக் தலையிலயும் ஒரு குட்டிக் காயில் வெச்சுடலாம்ணே. ஒயரும் வேணாம், மூடியும் வேணாம்" என்று பாப்பா சொல்லாத மாதம் இல்லை.

"டிஸ்ட்ரிப்யூட்டர் மக்கர் பண்ணினா நடு ரோட்டுல உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சுட்டு வீட்டுக்கு வந்துடுவேன். உன் கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போச்சுன்னா யாரைக் கூப்பிடுறது?"

"என்னைக் கூப்பிடு."

"நீ தூங்கிட்டிருந்தா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பாப்பாவுக்கு எரிச்சலே அதில்தான். ஆனால் ஊருக்கு மேலே தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் மேட்டில், இரண்டாவது வளைவில், டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் மேலே போகும்போது அந்த வண்டி தவறாமல் விக்கும். இருபது வருஷமாக அண்ணன் அந்த இடத்தில் காலைத் தளர்த்துவார். கேட்டால், "மேடு ஏறுறப்ப மனுஷனே நின்னு மூச்சு வாங்குறான், வண்டி வாங்கக் கூடாதா?" என்பார். வேறு யாராவது தங்கள் வண்டியைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் ஒர்க்‌ஷாப்பை விட்டே துரத்தியிருப்பார்.

பத்து நாளைக்கு முன் டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த மறுநாளே அண்ணன் கேட்டார்.

"ரெண்டு வருஷமா அந்த நாலு காயிலை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"யார் சொன்னா?"

"உன் அலமாரியில நான் தேடாத இடம் உண்டா? போய் எடுத்துட்டு வா. நான் இருக்கும்போதே மாத்து. நான் போனப்புறம் மாத்தினா, கேக்க ஆளில்லன்னு மாத்தின மாதிரி ஆயிடும். அது உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

பாப்பாவுக்கு அன்று வந்த அழுகை துக்கத்தில் வந்ததா, ரோஷத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் செத்த பிறகு ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? எதிராளி உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில், என்ஜின் சுற்றை அளக்கக் கிராங்க் புல்லியில் பல் சக்கரமும் சென்சாரும் மாட்டினாள்; எந்தப் பிளக்குக்கு எப்போது பொறி என்று கணக்குப் போடும் கன்ட்ரோல் பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் பொருத்தினாள். மிச்சம் இருந்தது காயில்களும் அவற்றின் ஒயர்களும்தான். அண்ணனின் கடைசி நிபந்தனை, காயில் மாட்டுகிற அன்றைக்கே சாயங்காலத்துக்குள் வண்டி மேட்டில் விக்காமல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் பழையதையே மாட்டிவிட வேண்டும்.

அந்த நாள் இன்றைக்கு வந்துவிட்டது. காலையில் வந்த நர்ஸ் அண்ணனின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் வந்து, "இன்னிக்கு யாரும் வெளிய போகாம இருங்க" என்று அண்ணியிடம் சொல்லிப் போயிருந்தாள். பாப்பா காதில் அது விழுந்தது. விழாத மாதிரி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

பழைய ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொன்றிலும் எந்த சிலிண்டர் என்று எண் எழுதிய ஸ்டிக்கர் இருந்தது. அந்த எண்களைப் பார்த்தே, கன்ட்ரோல் பெட்டியிலிருந்து காயில்களுக்கு வரும் புது ஒயர்களில் எழுதினாள். காயில்களைப் பிளக்குகளின் மேல் அழுத்தி உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு போல்ட் போட்டு முறுக்கினாள். மணி மூன்றே கால். கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

என்ஜின் பிடித்தது. பிடித்த கையோடு காற்று போகும் குழாய் வழியாகப் பட்டென்று வெடித்தது. மறுபடியும் ஒரு பட். வண்டி முழுக்கக் குலுங்கியது. அவள் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே குலுக்கல், அதே வெடி. சென்சார் இடைவெளியைப் பார்த்தாள், பெட்டியின் எர்த்தைப் பார்த்தாள், எல்லாக் கனெக்டரையும் கழற்றி ஊதி மாட்டினாள். நாலு மணிக்கும் வெடித்தது. நாலேகாலுக்கும் வெடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. பழைய மூடியைக் கையில் எடுத்தாள்.

"என்ன பண்ற?" என்றார் அண்ணன்.

"நீ ஜெயிச்சுட்ட."

"மூடியை வை. திரும்ப ஸ்டார்ட் பண்ணு. கையை எடு, சத்தம் போடாம நில்லு."

அவள் ஸ்டார்ட் பண்ணினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, என்ஜினையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கால் நிமிஷம் அந்த இருமலையும் வெடியையும் மூவரும் கேட்டார்கள்.

"ஒண்ணும் நாலும் ஒழுங்கா அடிக்குது. ரெண்டும் மூணும்தான் கோளாறு. ஸ்டிக்கரைப் பாத்தா மாட்டின?"

"ஆமா."

"அது வேற வண்டியோட ஒயரு. ரெண்டோட ஒயரு மூணுக்குத்தான் எட்டுச்சு. மாத்தி மாட்டினேன், ஸ்டிக்கரை மாத்தல." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "பதினாலு வருஷம் ஆச்சு. நாளைக்கு மாத்தலாம்னு இருந்தேன்."

"உருப்படுமாண்ணே இது?"

"என்ஜின் எனக்குத் தெரியும், ஸ்டிக்கர் எதுக்குன்னு விட்டுட்டேன்."

பாப்பா இரண்டாவது, மூன்றாவது கனெக்டர்களை மாற்றிச் செருகினாள். சாவியைத் திருப்பினாள். வண்டி பிடித்தது; குலுக்கல் இல்லை, வெடி இல்லை, தையல் மிஷின் ஓடுவது மாதிரி ஒரே சீராக நின்று ஓடியது. ஃபெண்டர் மேல் வைத்த டீ டம்ளரில் டீ கூட ஆடவில்லை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருந்தால் பதினோரு வருஷச் சண்டையில் அவர் ஜெயித்திருப்பார். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், "மேட்டுக்குப் போ" என்றார்.

"இங்கயே நல்லாத்தான் ஓடுதே. போதும்ணே."

"நிக்கிற வண்டி யார் வெச்சாலும் ஓடும். மேட்டுக்குப் போ."

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். நர்ஸ் சொன்னது இருவர் கண்ணிலும் இருந்தது. அண்ணி தன் போனை எடுத்து, பாப்பாவின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, தலையணையில் அவர் காதோரம் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பாப்பாவின் பையில் போன் அடித்தது.

"எடு பாப்பா. அவர் கேட்டுட்டே இருக்கட்டும். கட் பண்ணிடாத" என்றாள் அண்ணி.

ஊரைத் தாண்டும்வரை அவள் மெதுவாகத்தான் போனாள். டேஷ்போர்டில் நிறுத்திவைத்த போனில் அண்ணனின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது, ஒன்று, நீண்ட இடைவெளி, இன்னொன்று. மேட்டின் அடிவாரத்தில், "ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

"ம்."

இரண்டாவது கியரில் மிதித்தாள். டர்போவின் விசில் எழுந்தது; சீட் முதுகில் அறைந்தது. முதல் வளைவு. மூன்றாவது கியர். பூஸ்ட் முள் மேலே போனது. இரண்டாவது வளைவு வந்ததும், அண்ணன் காலைத் தளர்த்துவதைப் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்துப் பழகிய பழக்கத்தில், அவள் வலது கால் தானாகத் தளரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையோடு அழுத்தினாள். விக்கல் வரவேண்டிய இடம் வந்தது, போனது. வண்டி விக்கவில்லை. இருமவில்லை. முள் அது வரை தொட்டுப் பார்க்காத கோட்டைத் தொட்டு அங்கேயே நிற்க, கார் அந்த மேட்டை ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு ஏறியது. வேலிக் கற்கள் இருபக்கமும் பறந்தன. பாப்பா தனியாக, வாய்விட்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். இத்தனை வருஷமும் சொன்னது சரி. அட்சர சுத்தமாகச் சரி. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு வெட்கமே இல்லை.

தொட்டியடியில் ஏறியதும் என்ஜினை அப்படியே அணைத்து, உருண்டு போய் ஓரமாக நிறுத்தினாள். முழு இழுப்பில் அணைத்தால்தான், உள்ளே எரிவது சரியா என்று பிளக்கின் நிறம் உண்மையைச் சொல்லும்.

"கேட்டுச்சாண்ணே?"

போனில் ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் அவர் குரல், மெலிந்து, ஆனால் வேலை நேரத்துக் குரலாகவே வந்தது.

"பூஸ்ட்... இன்னும் கால் பார் அளவு ஏத்தலாம்."

பாப்பா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோற்றேன் என்று சொல்ல வராத மனிதர். பொறி தாங்கும் என்று நம்பாதவர் பூஸ்டை ஏற்றச் சொல்ல மாட்டார். இதைவிடப் பெரிதாக அவர் எதையும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

"ஏத்தறேன்" என்றாள்.

"பிளக்கைக் கழட்டிட்டு வா. பாக்கணும்."

இறங்கிப் போனட்டைத் திறந்தாள். நாலு போல்ட், நாலு காயில். பிளக்குகள் சுட்டன, துணியைச் சுற்றிக் கழற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாலும் ஒரே பிஸ்கட் நிறம். ஒன்றில்கூடக் கரி இல்லை. சொல்வதற்காகப் போன் பக்கம் திரும்பியபோது, அதில் மூச்சுச் சத்தம் இல்லை என்பது காதுக்கு உறைத்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து அண்ணி பேசினாள்.

"பாப்பா."

"சொல்லுங்க அண்ணி."

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. மெதுவா வா."

பாப்பா நாலு பிளக்குகளையும் வரிசை மாறாமல் துணியில் முடிந்துகொண்டாள். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த புதுப் பிளக்குகளை எடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் திருகி, கடைசிச் சுற்றை மட்டும் ஸ்பேனரால் அளவாக முறுக்கினாள். காயில்களை வைத்து அழுத்தினாள். கண்ணீர் மறைத்ததால் நாலாவது போல்ட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது.

வீட்டில் அண்ணி தலையணைகளை இரண்டு குறைத்து அவரை நேராகப் படுக்க வைத்திருந்தாள். முகம் துடைத்து, தலை வாரியிருந்தது. பாப்பா கட்டிலருகே போய் நின்றாள். கையில் துணி மூட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"கடைசியா பேசினது அதான். பூஸ்ட் ஏத்தலாம், பிளக்கைக் கழட்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல" என்றாள் அண்ணி. கோபம் மாதிரி ஆரம்பித்த குரல் பாதியில் வேறாகிவிட்டது. "ஆனா நீ ஏறும்போது என் கையைப் பிடிச்சிருந்தார். எலும்பு நொறுங்குற மாதிரி பிடிச்சார். அவ்வளவு பலம் எங்க இருந்து வந்துச்சோ."

பாப்பா துணியைப் பிரித்தாள். அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"நாலும் ஒரே நிறமா இருக்கே. நல்லதா?"

"இதைவிட நல்ல நிறம் கிடையாது அண்ணி."

"அப்ப காட்டு. கேட்டார்ல."

பாப்பா போர்வை மேல், அவர் கைப்பக்கமாக, பிளக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சிலிண்டர் வரிசையில் வைத்தாள். அண்ணி மேஜை மேலிருந்த அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து, புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, அவருக்கு மாட்டிவிட்டாள்.