அசையாத ஏழாம் எண்

"நேத்து ஏழாம் சென்சார் ஏன் அசையவே இல்ல?" என்று ரௌஷன் கேட்டதற்கு, பொரித்த மாவுருண்டையான பவுர்சாக்கைப் பால்தேநீரில் நனைத்தபடி, "தூங்கியிருக்கும்" என்றான் தானியார். "மெஷின் தூங்குமா?" "எங்க அண்ணன் கீழ பாடுறத நீ கேட்டதில்லையே, பாறையே கொட்டாவி விடும்." சிரித்துவிட்டாள், அதுதான் தப்பு, எப்போதும் இப்படித்தான், புருஷன் அவளைச் சிரிக்கவைத்துவிட்டுச் சுரங்கத்துக்குப் போய்விடுவான்... இதோ இன்றைக்கும் ஏழு அசையவில்லை. அவள் வேலைபார்க்கும் சுரங்கக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் மற்ற எண்களெல்லாம் மூச்சு விடுகின்றன, ஆறு மெல்ல ஏறுகிறது, எட்டும்தான், நடுவிலிருக்கும் ஏழாம் எண்ணை மட்டும் மீத்தேன் வாயு எட்டிப் பார்க்கவில்லையாமா? யாரை ஏமாற்றுகிறார்கள்? ஈரக் கோட்டைக் கருவிமேல் போர்த்தியிருப்பார்கள், வேறென்ன, வாயு எல்லை தாண்டினால் மின்சாரம் தானாக நின்றுவிடும், நின்றால் அன்றைய நிலக்கரி போச்சு. இந்தக் கரகந்தாச் சுரங்க ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது யாருடைய கோட்டு? போன வாரம் புருஷன் கோட்டின் தோள்பட்டைக் கிழிசலை இவள் தைத்துக் கொடுத்தாளே, அதுவாக இருந்தால்?

கீழே குழுத் தலைவர் தானியாரின் அண்ணன். வாழவந்த வீட்டில் மூத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது, அதனால் 'இடிக்குரலார்' என்று பட்டம் வைத்திருக்கிறாள், அவருக்கும் அதில் பெருமைதான். நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தில் தேநீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு வேண்டுகோள் தொண்டைவரை வரும், கோப்பையை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து நகர்ந்துவிடுவாள்... தம்பியை வளர்த்தவர் அவர், அவனும் அவர் பேச்சைத்தான் கேட்பான், நேற்று வந்தவள் என்ன சொல்வது? ஆறு மஞ்சளாகிவிட்டது. சிவப்பாகும்வரை காத்திருக்கலாம், விதி அப்படித்தான். எதற்குக் காத்திருக்க வேண்டும், ஆள் போன பிறகு விதியையா கட்டிக்கொண்டு அழுவது? அந்தச் சுரங்கப்பாதையின் மின்சாரத்தை நிறுத்தினாள்.

தொலைபேசி அலறியது. "எவன்டா கரண்ட நிறுத்துனது?" "நான்தான், ரௌஷன்." "தம்பி பொண்டாட்டியா! ஏம்மா, ஏழு பச்சையாத்தானே காட்டுது?" "காட்டும் பெரியத்தான், குளிருக்குக் கோட்டு போட்டுக்கிட்டு சுகமா இருக்கே." பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று அடக்கினார்கள். "அத எடுத்துட்டு எல்லாரும் வெளிய வாங்க." ஈரத் துணி உரசும் ஓசை... திரையில் ஏழு பச்சையிலிருந்து ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. "எவ்வளவும்மா?" இடி இல்லை, வெறும் காற்று அந்தக் குரல். சொன்னாள். "டேய், எல்லாத்தையும் போட்டுட்டு நடங்கடா" என்று அவர் அந்தப் பக்கம் கத்தியதில் பயம் தெரிந்தது... அவருக்கும் பயமுண்டா, இத்தனை நாள் தம்பியை அவர்தான் பிடித்துவைத்திருக்கிறார் என்று நினைத்தாளே, ஒருவேளை தம்பிதான் அவரைத் தனியாக விடமாட்டேன் என்கிறானோ, யாருக்காக யார் இறங்குகிறார்கள்? தெரியவில்லை. தெரியாவிட்டாலும் கேட்டாக வேண்டும்.

"பெரியத்தான், வச்சிடாதீங்க."

"நடந்துக்கிட்டேதான் இருக்கேன், சொல்லு."

"உங்க தம்பிய இனிமே கீழ கூட்டிட்டுப் போகாதீங்க. எனக்கு அவர் வேணும்."